விழத் தெரிந்தவர்

இத்தாலியில், பகேரியா என்ற ஊரில் நான் கவனித்துக்கொள்ளும் முதியவர் நாற்பது ஆண்டுகள் ஹாலிவுட் படங்களில் அடியாளாக நடித்தவர். ஒரு படத்திலும் கடைசிவரை உயிரோடு இருந்ததில்லை. குதிரையிலிருந்தும் கூரையிலிருந்தும் விழுந்து செத்திருக்கிறார். மூன்று முறை உடைந்த மூக்குத்தான் தனக்குச் சோறு போட்டது என்பார். மனைவியின் ஊர் என்று இங்கே வந்தவர், மனைவி இறந்த பிறகும் தங்கிவிட்டார்.

அவருடைய மருந்துகளை ஒரு கொப்பியில் நேரப்படி எழுதிவைப்பேன். காலை எட்டரைக்கு இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. தலையில் அடிபட்டால் உள்ளே கசிவு நிற்காது என்று மருத்துவர் சொன்னதையும் அதற்குக் கீழே குறித்திருந்தேன்.

எழுபத்தெட்டு வயதில் அவருக்கு மறுபடியும் ஒரு வேடம் வந்தது. பழைய மாளிகையின் படிகளில் உருண்டு சாக வேண்டும். அவருக்குக் கை நடுங்கும் என்பதால் உடல்நலப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். மருந்துகள் என்ற இடம் வந்ததும், "அதை விட்டுவிடுங்கள், சிஞ்ஞோரா" என்றார். விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருடம் வீட்டுவேலை செய்த எனக்கு, சொன்னதைச் செய்துதான் பழக்கம்.

நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவுக்குத் திரும்பியதும் கணவரிடம் சொன்னேன்.

"கொப்பியில எல்லாம் எழுதுவீர். எழுத வேண்டிய இடத்தில மட்டும் எழுதமாட்டீர்."

"இப்ப போய்ச் சொல்லட்டே?"

"சொன்னா வேலை போகும். இங்க இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற மாசம் இது."

"சொல்லாட்டி அவர் போயிடுவார்."



முதியவர் கூடத்தில் மெத்தை விரித்து விழப் பழகினார். முதலில் மூச்சை வெளியே விட வேண்டும், பிறகு முழங்கால், தோள், கடைசியாகத் தலை. திங்கட்கிழமை அவர் தோளில் கன்றியிருந்த இடத்தை நாடாவால் அளந்தேன். ஆறு சென்டிமீட்டர். புதன்கிழமை ஒன்பது.

படப்பிடிப்பு நாளில் பார்த்தேன், பதினான்கு படிகள், எல்லாம் கல். அவர் மேலே நின்றார். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்கள். அவர் மூச்சை வெளியே விடுவது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. நேரே இயக்குநரிடம் போய்க் கொப்பியைத் திறந்து நீட்டினேன். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி அத்தனையும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. "விழக்கூடாது" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

இயக்குநர் மாத்திரையின் பெயரைப் படித்ததும் படப்பிடிப்பை நிறுத்தி, படிகளில் டூப்பை விழவைத்தார். முதியவர் நாற்காலியில் இருந்து பார்த்தார். வீட்டு வாசலில் என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்:

"நாளைக்கு வர வேண்டாம்."

மறுநாளும் எட்டேகாலுக்குப் போய் மணியடித்தேன். திறக்கவில்லை. உள்ளே விழுந்து கிடக்கிறாரோ என்று கதவில் காதை வைத்தேன். கதவுக்கு மிக அருகில் அவர் இருமுவது கேட்டது. மறுபடியும் மணியடித்தேன்.