கழுத்துப் பிடி

ராயபுரத்து ஆசீர்வாதம் ஏட்டுக்கு அடிதடி என்றாலே ஆகாது. இதைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். போலீஸ்காரர்களுக்கும் ஜெயில் வார்டர்களுக்கும் ஆளை மடக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். இளவயதில் குத்துச்சண்டை மேடை ஏறியவர். ஒரு தீபாவளிப் போட்டியில் உடைந்த மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்தது சாய்ந்ததுதான்.

"மண்டைய ஒடச்சி இட்டுனு வர்றதுக்கு ரவுடி போதும், போலீஸு எதுக்கு?" என்று வகுப்பில் கேட்பார். லத்தியை எடுக்காமல், பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கினால் எப்பேர்ப்பட்ட முரடனும் அடங்கிவிடுவான். ரத்தம் கிடையாது, காயம் கிடையாது. ஈவிரக்கம் உள்ளவனுக்கு இதுதான் வழி என்று அவர் மனதார நம்பினார். பட்டாளத்திலிருந்து வந்த ஒரு சுபேதார் அவருக்குக் காட்டிக்கொடுத்த பிடி அது. சர்க்காருடைய பாடப் புத்தகத்திலும் படத்தோடு இருந்தது.

எண்ணூர் போகிற சாலையில், கடலை ஒட்டியிருந்த ஒரு பழைய கிடங்கைப் பயிற்சிக் கொட்டகை ஆக்கியிருந்தார்கள். அங்கே அவரிடம் படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தாங்களே வாத்தியார்கள். வெளியூர் ஸ்டேஷன்களிலிருந்தும் சிறைகளிலிருந்தும் வருவார்கள். கற்றுக்கொண்டு போய் அவரவர் ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்து ஸ்டேஷன் கான்ஸ்டபிள்களும் காலை நேரத்தில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

"துள்றானா, இன்னும் இறுக்கு. துவண்டாத்தான் வுடணும்." இதை அவர் உரக்கச் சொல்ல, கொட்டகை முழுவதும் திருப்பிச் சொல்லும்.

எழுபத்திரண்டாம் வருஷம் கோடைக்காலம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆசீர்வாதமும் அவர் மனைவி ஐரீனும் வீடு திரும்பியபோது, வாசலில் சுப்பராயன் நின்றிருந்தான். திருவொற்றியூர்ப் பக்கத்து ஸ்டேஷன் கான்ஸ்டபிள். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான். ஆசீர்வாதத்திடம் இரண்டு முறை பயிற்சிக்கு வந்தவன். லுங்கி கட்டியிருந்தான், முகம் சவரம் செய்யப்படவில்லை.

"உள்ள வாய்யா, ஏன் வெய்யில்ல நிக்கறே?"

அவன் உள்ளே வந்தான். உட்காரவில்லை.

"ஏட்டையா, ஒரு ஆளு செத்துட்டான். என் கையிலயே."

விஷயம் மெல்லத்தான் வெளியே வந்தது. கிருஷ்ணப்பன் என்று ஒருவன், வியாசர்பாடிக்காரன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஆள் மலைபோல இருப்பான். புதிதாகத் திறந்திருந்த சாராயக்கடை ஒன்றில் குடித்துவிட்டு, கடைக்காரனை அறைந்து, பெஞ்சைத் தூக்கி வீதியில் வீசியிருக்கிறான். சுப்பராயனும் இன்னொரு கான்ஸ்டபிளும் போனார்கள். மற்றவன் லத்தியை ஓங்க, சுப்பராயன்தான் தடுத்தான். "அடிக்காத, நான் புடிக்கறேன்" என்று பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தான். கிருஷ்ணப்பன் துள்ளினான். சுப்பராயன் இறுக்கினான். இன்னும் துள்ளினான். இன்னும் இறுக்கினான். கடைசியில் துவண்டான். கைவண்டியில் கிடத்தி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் இறக்கியபோதுதான் மூச்சு இல்லை என்று தெரிந்தது.

"நீங்க சொல்லிக் குடுத்தாப்லதான் ஏட்டையா புடிச்சேன். எங்கனா தப்பா புடிச்சிட்டேனா? சொல்லுங்க. எங்க தப்பு?"

சுப்பராயன் நின்ற இடத்திலேயே காற்றில் கையை வளைத்துக் காட்டினான். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இருந்தது. ஒரு தப்பும் இல்லை.

அவன் போன பிறகு அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, வகுப்புக்கு ஆட்கள் வருமுன்பே கொட்டகைக்குப் போனார். கூடவே பாடம் எடுக்கும் லியோனார்ட் அங்கே பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். ஜெயில் வார்டர், பழைய குத்துச்சண்டைக் கூட்டாளி, மாமு மச்சான் என்று பழகுகிறவர்.

"லியோ, என் கழுத்தப் புடி. முழுசா புடி. நான் கைய அசைக்க மாட்டேன். தொடைய தட்டினா வுட்டுடு."

"காலங்காத்தால இன்னா மாமு பேஜாரு?"

"புடின்றேன்ல."

லியோனார்ட் பிடித்தார். ஆசீர்வாதம் கையைத் தொங்கப்போட்டு, கடல் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அசையக் கூடாது என்று தீர்மானமாக இருந்தார். ஜன்னல் மங்கியது. பிறகு என்ன நடந்தது என்பது அவருக்கு ஒழுங்காக நினைவில்லை. லியோனார்ட் கத்திக்கொண்டு கையை எடுத்ததும், தான் பாயில் முழங்காலிட்டு இருமிக்கொண்டிருந்ததும்தான் தெரிந்தது.

"இன்னா மாமு இது, மாடு மாதிரி துள்றே? கைய பாரு, பிறாண்டி வெச்சிருக்கே!"

லியோனார்டின் முன்கையில் நகக்கீறல்களில் ரத்தம் பொடித்திருந்தது.

"நான் துள்ளலடா" என்றார் ஆசீர்வாதம். குரல் கரகரத்தது. "நான் சும்மாதான் நின்னேன்."

சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. கிருஷ்ணப்பனும் சண்டை போட்டிருக்க மாட்டான். மூச்சுக்குத்தான் தவித்திருப்பான். தவிக்கத் தவிக்க இறுக்கு என்று பன்னிரண்டு, பதிமூன்று வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது தாமேதான். மேடை ஏறிய காலத்தில் கழுத்தைப் பிடிக்கிற ஆட்டம் இல்லை. வகுப்பில் காட்டும்போதும் பாதிப் பிடியிலேயே எல்லோரும் தொடையைத் தட்டிவிடுவார்கள். முழுப் பிடி என்னவென்று சொல்லிக்கொடுத்தவருக்கே தெரியாமல் போயிருந்தது.

பயிற்சிக் கொட்டகைக்குப் பொறுப்பான டி.எஸ்.பி. கெட்டவர் இல்லை. ஆசீர்வாதத்தை உட்காரவைத்தே பேசினார்.

"ஆர்.டி.ஓ. விசாரணை வருது. உங்களக் கூப்பிடுவாங்க. பிடி சரியானது, அந்த ஆள் தப்பாப் போட்டுட்டான்னு சொல்லிட்டு வந்துடுங்க. குடிச்ச உடம்பு, இதயம் நின்னுடுச்சுன்னு ஸ்டேஷன்லயும் எழுதியிருக்காங்க. முடிஞ்சுது."

"அவன் சரியாத்தான் போட்டான் சார். அதனாலதான் செத்தான். பாடத்த மாத்தணும்."

"இப்போ மாத்தினா இத்தனை நாள் தப்பு பண்ணோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா? கொஞ்ச நாள் போகட்டும், ஏட்டு."

அன்று மாலை ஐரீனிடம் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"உள்ளத சொன்னா உன்ன தூக்கிடுவாங்களா?"

"தூக்கலாம்."

"சொல்லலன்னா அந்தப் பையன ஜெயில்ல போடுவாங்க."

"ம்."

"அப்ப சொல்லிடு. ஆனா நீ ஒருத்தனுக்கா சொல்லிக் குடுத்தே? ஊரூரா போயி இருக்கறானுங்களே வாத்தியாருங்க, அவனுங்க கையில கீதே அந்தப் புடி, அத்த எப்படிப் புடுங்குவே?"

அவர் மீன் கழுவிய தண்ணீரை எடுத்துப்போய்ச் சாக்கடையில் ஊற்றினார்.

விசாரணை நாளன்று, அலுவலகத் தாழ்வாரத்துப் பெஞ்சில் கிருஷ்ணப்பனின் மனைவி பூவம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தாயார் கெங்கம்மா, வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு. உள்ளே ஆர்.டி.ஓ. முன்னால் ஆசீர்வாதம் விறைப்பாக நின்று சொன்னார்: "கான்ஸ்டபிள் சுப்பராயன் நான் சொல்லிக்கொடுத்தபடிதான் பிடித்தார். பாடமே தப்பு. எப்போது விட வேண்டும் என்று நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததெல்லாம் துவளும்வரை விடாதே என்பதுதான்."

"புத்தகத்தில் அப்படியா இருக்கிறது?"

"புத்தகத்தில் பிடி மட்டும் இருக்கிறது. விடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை."

வெளியே வந்தபோது பூவம்மா எழுந்து எதிரே நின்றாள். அழுது முடித்த முகம்.

"ஐயா, நீங்கதான் வாத்யார்னு சொன்னாங்கோ. ஒண்ணு கேக்கணும். அது கடைசியா இன்னா சொல்லிச்சு? என் பேரச் சொல்லிச்சா, புள்ளைங்க பேரச் சொல்லிச்சா? அந்த போலீஸ்காரர கேட்டா தலைய குனிஞ்சிக்கினே போறாரு."

பொய் சொல்லியிருக்கலாம். உன் பேரைத்தான் சொன்னான் என்று ஒரு வார்த்தை. அவருடைய நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது.

"பேச முடிஞ்சிருக்காதும்மா" என்றார். "கழுத்துல அப்படிப் புடிச்சா பேச்சு வராது."

பூவம்மா தலையாட்டினாள். "ஒரு வார்த்த பேச வுட்டிருந்தா 'வுடு நைனா, தெரியாம பண்ட்டேன்'னு சொல்லியிருக்கும். அது அப்படித்தான். குடிச்சா கத்தும், யாருனா புடிச்சா அடங்கிடும்." கெங்கம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சுப்பராயன்மீது வழக்கு இல்லை என்று முடிவானது. ஆனாலும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆசீர்வாதத்தைக் கொட்டகையிலிருந்து எடுத்து, தொப்பியும் லத்தியும் பூட்ஸும் அடுக்கி வைக்கிற கிடங்குக்குப் போட்டார்கள். கொட்டகையில் லியோனார்ட் பாடம் எடுத்தார். பழைய பாடத்தையே எடுக்கச் சொல்லி உத்தரவு. லியோனார்ட் அந்தப் பிடி வரும் நாளில் மட்டும் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடுவார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

ஐரீன் கேட்ட கேள்வி ஆசீர்வாதத்தை விடவில்லை. லீவு நாளெல்லாம் பஸ் ஏறினார். தம்மிடம் படித்துப் போன வாத்தியார்களைத் தேடி, செங்கல்பட்டுப் பக்கம், வேலூர்ப் பக்கம் என்று அலைந்தார். ஸ்டேஷன் வாசலில், ஜெயில் குவார்ட்டர்ஸ் குழாயடியில், டீக்கடையில் நின்று, "அந்தக் கழுத்துப் பிடிய நிறுத்திடுய்யா" என்றார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் டீ வாங்கிக் கொடுத்து, "வயசாச்சு வாத்யாரே, ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். ஒருவர், "எங்க ஆளுங்களுக்கு இதான் சார் கைவந்த பாடம், இத்த எடுத்துட்டா திரும்ப லத்தியத்தான் தூக்குவானுங்க" என்று சொன்னார். அது முழுக்கப் பொய்யும் இல்லை. அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு அவரை அரித்தது. வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, பதிலுக்கு வேறொன்று கையில் கொடுக்க வேண்டும்.

அதன் பிறகு, கிடங்கு வேலை ஓய்ந்த நேரத்தில், லியோனார்டும் அவரும் பாயை விரித்து உருண்டார்கள். கழுத்தைத் தொடாமல், இரண்டு பேர் சேர்ந்து ஒரு முரடனின் தோளையும் முழங்கையையும் கட்டி உட்காரவைக்க வழி தேடினார்கள். குப்புறப் போட்டு முதுகில் ஏறாமல், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்கள். பிடித்த ஆளோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். அவன் வாயிலிருந்து பதில் வருகிறதா என்று கவனித்தார்கள். ஒரு தடவை லியோனார்டின் தோள் பிசகி, கட்டுப்போட்டவரிடம் படியில் விழுந்ததாக இருவரும் பொய் சொன்னார்கள்.

எழுபத்தைந்தில், வெளியூர்ச் சிறை ஒன்றில் ஒரு கைதி இதே பிடியில் மயங்கி, எப்படியோ பிழைத்தான். மேலிடம் பயந்தது. டி.எஸ்.பி. மாறிப் போயிருந்தார். புதியவர் கோப்புகளைப் புரட்டிவிட்டு ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டனுப்பினார். வாத்தியார்களை எல்லாம் திரும்ப வரவழைத்துப் புதுப் பாடம் நடத்தச் சொன்னார்.

சந்தோஷப்பட வேண்டியவர், நேராகக் காலடிப்பேட்டைக்கு, சுப்பராயனைத் தேடித்தான் போனார். சுப்பராயனுக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது, அவன்தான் போகவில்லை. விறகுத்தொட்டி ஒன்றில் கோடரி பிடித்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கட்டையை நகர்த்தி உட்காரச் சொன்னான்.

"நீயும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும் சுப்பராயா. நான் சொல்றதவிட நீ சொன்னா அவனுங்களுக்கு உறைக்கும்."

சுப்பராயன் கோடரியைக் கட்டையில் சாய்த்து வைத்தான்.

"நீங்க பாடத்த மாத்திட்டீங்க ஏட்டையா. நல்லது. நான் எத்த மாத்தறது? சின்னப் புள்ள தோள்ல வந்து தொங்கினா கூட கைய எடுத்துடறேன்." கோடரியை எடுத்துக்கொண்டான். "உங்க மேல கோவம் இல்ல. ஆனா இங்க வராதீங்க. உங்களப் பார்த்தா அந்த நாளு பூரா திரும்ப வருது."

அவர் எழுந்து வந்துவிட்டார். அப்புறம் அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

முதல் நாள் வகுப்பில் நரைத்த தலைகளும் புதிய முகங்களும் கலந்திருந்தன. அவரவர் ஊரில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று முதலில் செய்துகாட்டச் சொன்னார். தெற்கத்திச் சிறையிலிருந்து வந்த வாலிப வார்டர் ஒருவன், பெயர் இசக்கிமுத்து, துடிப்பாக முன்னால் வந்தான். கூட வந்தவன் கழுத்தைச் சுற்றிக் கையை வளைத்தான். முழங்கை, மணிக்கட்டு, எல்லாம் அச்சு அசல்.

"இதுக்குப் பேரு ஆசீர்வாதப் பிடி சார்" என்றான். "மெட்ராஸ்ல ஆசீர்வாதம்னு பெரிய வாத்தியார் ஒருத்தர் கண்டுபிடிச்சதாம். எங்க வாத்தியார் சொன்னாரு. துள்ளத் துள்ள இறுக்கணும்."

பின்வரிசையில் பழையவர்கள் நெளிந்தார்கள். லியோனார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கைய எடுப்பா" என்றார் ஆசீர்வாதம். "நான்தான் அந்த ஆசீர்வாதம்."

பையன் சிரித்தபடி சல்யூட் அடித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினான்.

எல்லோரையும் பாயில் உட்காரச் சொன்னார். தாமும் உட்கார்ந்தார். செத்தவன் பெயரை வகுப்பில் எடுக்க வேண்டாம் என்று மேலிடம் எச்சரித்திருந்தது. அவர் எடுத்தார். கிருஷ்ணப்பன் என்று ஒருவர், வியாசர்பாடிக்காரர் என்று தொடங்கி, சாராயக்கடையிலிருந்து தாழ்வாரத்துப் பெஞ்சு வரைக்கும் சொன்னார். பூவம்மா கேட்டதையும் அவள் வார்த்தையிலேயே சொன்னார்.

"சரி வாத்யாரே" என்றார் பின்வரிசையில் ஒருவர், மெதுவாகத்தான். "அப்ப ஆறடி ஆளு கத்தியோட வந்தா நாங்க இன்னா பண்றது?"

"அத்தச் சொல்லிக் குடுக்கத்தான் கூப்பிட்டேன். எழுந்திரு, ரெண்டு ரெண்டு பேரா நில்லு."

பாதிப் பேர் எழுந்தார்கள். மிச்சப் பேர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். இசக்கிமுத்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், தன் வலது கையைப் பார்த்தபடி பாய் நடுவில் நின்றிருந்தான். ஆசீர்வாதம் அவனிடம் போய் தம் முதுகைத் திருப்பிக் கொடுத்து, "என் தோளப் புடி" என்றார்.