நாற்பத்திரண்டு கழுத்துகள்

நேற்றுக் காலை குடும்பக் குரூப்பில் என் மூத்த மகன் தன் படத்தைப் போட்டான். போட்டோ இல்லை. போனே முகத்தைக் கார்ட்டூனாக்கித் தருகிறதாமே, அது. ஐம்பதை நெருங்குகிறவன், வயிறு உள்ளே போய், தாடி பளபளத்து, கன்றுக்குட்டிக்கு இருப்பதுபோல இரண்டு பெரிய கண்ணோடு நிற்கிறான். பின்னால் கற்பிட்டிக் கடல், இல்லாத ஒரு நீலத்தில். குவைத்தில் வேலைக்கு நிற்கிற மகள் இதயம் அனுப்பினாள். மருமகள் மூன்று இதயம் அனுப்பினாள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பேசுகிற பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "மகன், மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி. கழுத்துல கோட்ட மட்டும் மறந்திட்டியே."

கொஞ்ச நேரத்தில் குரூப்பில் படத்தைக் காணவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சர் புத்தகத் தமிழில் எழுதுகிறா. ஏச்சுகளை மட்டும் விட்டுவிடுகிறா. ஆகவே நீங்கள் வாசிப்பது என் கோபத்தில் பாதிதான்.

கொரோனாவால் பள்ளிக்கூடங்களெல்லாம் பூட்டிக் கிடந்த காலம் அது. என் பேத்தி ஹஸ்னாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள், உம்மா குவைத்தில், அவள் குறிஞ்சிப்பிட்டியில் என்னோடு. போனில்தான் பாடம் என்றார்கள். மகள் ஒரு போன் வாங்கி அனுப்பினாள். அதில் பாடம் வந்ததைவிட ஜப்பான் கார்ட்டூன் வந்ததுதான் அதிகம். அனிமே என்பாள். வாளேந்திய பெண்பிள்ளை, கேமில் வருகிற இரும்புச் சட்டைக்காரன், வால் முளைத்த பொடியன், இப்படி ஒரு கூட்டம். இவர்களை வரையப் பழக்குகிற வீடியோ ஒன்றையும் கண்டுபிடித்தாள். அதில் ஒரு கையும் பென்சிலும்தான் தெரியும். பேச்சு ஜப்பான் பாஷை. அவளுக்கும் விளங்காது, எனக்கும் விளங்காது. பாருங்கள், என் ஆயுளில் முதல் தடவையாக நானும் இன்னொருவரும் ஒரே வகுப்பில் ஒரே மட்டம்!

"வாங்களே உம்மும்மா, நீங்களும் கீறுங்க."

"போடி, எனக்கு வெங்காயம் புடுங்கின கை."

கையைப் பிடித்துப் பென்சிலைத் திணித்துவிட்டாள். முதலில் ஒரு வட்டம். நடுவில் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. குறுக்குக் கோட்டில் கண். நான் கீறிய வட்டம் நல்ல சின்ன வெங்காயம் மாதிரி வந்தது. அதன் தலையில் முள்ளுமுள்ளாக மயிர் வைத்தேன். தாளோடு பிடுங்கிய வெங்காயமேதான். ஹஸ்னா பாயில் விழுந்து சிரித்தாள். "உம்மும்மா, இத லொறில ஏத்தி தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்புவம்." நானும் சிரித்தேன். இரும்புச் சட்டைக்காரன் கையில் நான் வைத்த வாள், மீன் வெட்டுகிற கத்தியாகத்தான் எப்போதும் வந்தது. என் கைக்குத் தெரிந்த ஆயுதம் அதுதானே.

கை வரைவது பெரிய பாடு. ஐந்து விரலும் ஐந்து பக்கம் போகும். அதனால் எங்கள் ஆட்களெல்லாரும் பள்ளிக்கூட அதிபருக்கு முன்னால் நிற்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணில்தான் ஹஸ்னா வீராங்கனை. கறுப்பு மணிக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளியை விட்டு வைப்பாள். அந்தப் புள்ளியை விட்டதும் கடதாசி நம்மைத் திரும்பிப் பார்க்கும். அழிறப்பர்த் தூளை ஊதிவிட்டு, நான் எத்தனை தடவை சும்மா பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்!

பள்ளிக்கூடம் திறந்து அடுத்த வருடம், பத்தாம் வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்கிற நேரம் வந்தது. ஹஸ்னாவுக்குச் சித்திரம் வேண்டும். சித்திரம் படிப்பிக்கிற சேர், திங்கட்கிழமை நீ படம் கீறின கொப்பியைக் கொண்டுவா, வீட்டுப் பெரியவரிடம் படிவத்தில் ஒப்பமும் வாங்கி வா, அன்றைக்கே கடைசி நாள் என்று சொல்லிவிட்டார். பெரியவர் என்றால் அவளுடைய மாமா, என் மூத்த மகன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட வந்தான். ஹஸ்னா கிளாஸுக்குப் போயிருந்தாள். நான்தான் பெருமையாகக் கொப்பியை எடுத்து நீட்டினேன்.

புரட்டினான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"இதுக்கா உம்மா ஒப்பம்? உருவம் கீறுறது மார்க்கத்துல கூடாதெண்டு தெரியாதா உங்களுக்கு? கழுத்துல கோட்டப் போடச் சொல்லுங்க. இல்லாட்டி அடுப்புல போடுங்க."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. உயிருள்ளதைக் கீறினால் கழுத்தில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். தலை வேறு, உடம்பு வேறு என்றாகிவிட்டால் அது உருவமில்லையாம். என் சிறு வயதில் துணிப் பொம்மைக்கும் உம்மா கழுத்தில் நூல் இறுக்கித்தான் தந்தா. அந்தப் பேணுதலோடு எனக்கு ஒரு கோபமுமில்லை. பேணுகிறவர் எல்லாவற்றிலும் பேண வேண்டும். இவனுடைய வெங்காய லொறிக்குப் பின்னால் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதன் கழுத்தில் ஒரு மயிர்க்கோடு கிடையாது! அலுமாரி நிறைய இவனுடைய கலியாண அல்பம். ஒரு சின்னப் பெண்ணின் கொப்பியில் மட்டும்தான் இவனுக்கு மார்க்கம் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் அன்றைக்கே அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. ஒப்பம் கிடைக்க வேண்டும், கொப்பி அடுப்புக்குப் போகக்கூடாது. இரண்டையும் காப்பாற்றுகிற கெட்டிக்காரி என்று என்னையே நினைத்துக்கொண்டேன். அவன் சோறு தின்று முடிப்பதற்குள் கோடு போடுகிற அடிமட்டத்தையும் சிவப்புப் பேனையையும் எடுத்தேன். நாற்பத்திரண்டு படம், அதில் ஏழு என்னுடையது. ஒன்றையும் விடவில்லை. என் வாழ்நாளில் நான் கீறியதிலேயே நேரான கோடுகள் அவைதான். அவன் பார்த்தான், தலையாட்டினான், ஒப்பம் வைத்தான்.

ஹஸ்னா வந்ததும் ஓடிப்போய்க் கொடுத்தேன். "மாமா ஒப்பம் வச்சிட்டார் புள்ள!" அவள் கொப்பியைத் திறந்தாள். ஒரு பக்கம். அடுத்த பக்கம்.

"யாரு உம்மும்மா கீறின?"

"நான்தான். இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது."

அழுதிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்: "கழுத்தறுத்த புள்ளைகள நான் எப்படி சேருக்குக் காட்டுற?"

திங்கட்கிழமை படிவம் வீட்டிலேயே கிடந்தது. சித்திரத்துக்குப் பதிலாக அவள் தமிழ் இலக்கிய நயம் எடுத்தாள். ஒரு மாதம் கழித்துச் சேரைச் சந்தையில் கண்டேன். விசயத்தைச் சொன்னதும் நெற்றியில் கை வைத்தார். "நீங்கதானே பாதுகாவலர்? ஒங்கட கைநாட்டே போதுமே உம்மா." கைநாட்டு! பள்ளிக்கூடக் கடதாசியில் பேத்திக்கு வெட்கமாக இருக்குமென்று நான் ஒளித்து வைத்திருந்த பெருவிரல். மகன் மேல் இருக்கிற கோபம் குரூப்பில் பேசினால் கொஞ்சம் ஆறும். இந்த விரல் மேல் இருக்கிற கோபத்தை எங்கே பேசுவது?

பென்சில்கள் எங்கே போயினவோ தெரியாது. அந்தப் போனும் செத்துப் போனது. ஹஸ்னா இப்போது புத்தளத்தில் தங்கிக் கம்பியூட்டர் படிக்கிறாள். என்னோடு நல்ல விருப்பம்தான். வாரம் தவறாமல் கதைப்பாள், மாத்திரை போட்டேனா என்று கேட்பாள். வரைவதைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது.

போன நோன்புப் பெருநாளுக்கு வந்திருந்தாள். ரொட்டி சுடுவதற்காகப் பலகையில் மாவைக் கொட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், வேண்டுமென்றேதான் தேவைக்கு மேலே கொட்டி, உள்ளங்கையால் கடதாசி மாதிரித் தடவி விட்டேன். முன்பென்றால் அவளுடைய விரல் சும்மா இருக்காது, நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அங்கே ஒரு முகம் கிடக்கும். அடுப்பைப் பார்க்கிற சாட்டில் திரும்பி நின்றேன். நெருப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஊதினேன்.

"மா கூடிப் போச்சு உம்மும்மா" என்றாள். திரும்பிப் பார்த்தேன். மிச்ச மாவைக் கையால் கூட்டி அள்ளித் தகரப் பேணியில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.