பேத்தியின் தாய்மாமன்

ஒற்றை லாரியில் ஆரம்பித்து, இன்று எண்ணூர் துறைமுகத்தில் பதினாறு டிரெய்லருக்கு முதலாளி. படிப்பு அஞ்சாவதுதான், ஆனால் என் பேச்சை மறுத்துப் பேச அங்கே ஆள் கிடையாது. வக்கீல் மறுத்தார்.

என் மகள் செல்வியும் மாலாவும் ஜோடியாக வாழ்கிறார்கள். மாலா பெற்ற குழந்தையை இரண்டு பேரும் வளர்க்கிறார்கள். இரண்டு பேருமே அம்மாதான் என்றேன் நான். "சட்டப்படி பெத்தவ மட்டும்தான் அம்மா. மாலாவுக்கு ஒண்ணு ஆயிட்டா, அவங்க வூட்டார் குழந்தையக் கேக்கலாம்" என்றார் வக்கீல்.

அடுத்த மாதமே ஊரைக் கூட்டிக் காதுகுத்து வைத்தேன். மாலா வீட்டார் வரவில்லை. ஆசாரி, "தாய்மாமன் யாருப்பா?" என்றார். என் மகன் போய் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினான்.

என் தங்கை சிரித்தாள். "இன்னாண்ணா இது? பெத்தவ கூடப் பொறந்தவன்தானே தாய்மாமன்?"

"செல்வியும் தாய்தான். அவ தம்பி தாய்மாமன்தான். ஒத்துக்காதவங்க பிரியாணி துன்னாம போலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆசாரி என் மகனிடம், "மாமா, புள்ள தலைய நல்லாப் புடிச்சிக்கோ" என்றார். செல்வி அழுதுவிட்டாள்.

ஊர் ஒத்துக்கொண்டது, சட்டம்தான் பாக்கி. பிறப்புச் சான்றிதழில் செல்வியையும் அம்மா என்று எழுதச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறோம். வருஷக்கணக்கில் இழுக்குமாம். இழுக்கட்டும். எனக்கு அறுபத்தெட்டு வயசு. தீர்ப்பைக் கேட்காமல் சாவதாக உத்தேசமில்லை.