148ஆம் பக்கத்தில் ஒரு புள்ளி

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. சொல்லவே வெட்கமான பகுதிகளையும் விடாமல் எழுதுகிறேன். அதைப் பார்த்தாவது நம்புவீர்கள். பொய் சொல்கிறவள் தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

நான் புத்தகப் பக்கங்கள் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். ஒன்பது வருடம் ஆயிற்று. பெரும்பாலும் கணக்குப் புத்தகங்கள். திரையில் ஒரு ஜன்னலில் எழுத்தையும் கட்டளைகளையும் தட்டுவோம். இவ்வளவு இடைவெளி விடு, இந்தச் சமன்பாட்டை நடுவில் வை என்று எல்லாமே கட்டளைதான். பக்கத்திலேயே இன்னொரு ஜன்னல் இருக்கும். அச்சில் பக்கம் எப்படி வருமோ அப்படியே அதில் தெரியும். அதைக் காட்டுவதற்கென்றே ஒரு புரோகிராம். பிரிவியூ என்போம். கட்டளையை மாற்றி ஓடவிட்டால் பிரிவியூ ஒரு தடவை கண் சிமிட்டும். புதிய பக்கம் வந்துவிடும்.

அதில் ஒன்றைத் தட்டவோ திருத்தவோ முடியாது. பார்க்கலாம். மவுஸை அழுத்திப் பிடித்தால் ஒரு சின்னச் சதுரம் வரும், பூதக்கண்ணாடி மாதிரி, அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அவ்வளவுதான்.

என் எதிர் மேசையில் ஒருத்தி இருந்தாள். ஆபீசில் எல்லோரும் அவளை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாளாம். என்னைவிட ஆறு வருடம் ஜூனியர். வாய்க்கு வாய் அக்கா என்பாள். அது வேறு எரிச்சல்.

அவள் போட்ட பக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மிகைப்படுத்தவில்லை. மதியம் சாப்பாடு இறங்காது. ஒரு வரி தொங்காது, ஒரு படம் பிசகாது, இடைவெளிகள் மூச்சு விடுகிற மாதிரி சீராக இருக்கும். நான் மூன்று நாள் மல்லுக்கட்டுகிற அட்டவணையை அவள் மதியத்துக்குள் முடித்துவிட்டு நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் போய்ப் புலம்பினால் என் வீட்டுக்காரர், "அப்படி என்னதான் இருக்கு அவகிட்ட? ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வா, பார்ப்போம்" என்று சிரிப்பார். அன்றைக்கு அவருக்குக் காபி கிடையாது.

போன வருடம் எங்கள் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு ஒன்று வந்தது. ஒன்று நான், இல்லை அவள். அந்தச் சமயத்தில் அவள் 412 பக்கத்தில் ஒரு கல்லூரிக் கணக்குப் புத்தகத்தை முடித்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று லீவு போட்டாள். காய்ச்சல் என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை மேனேஜர் என்னிடம் வந்தார்.

"திங்கக்கிழமை காலையில அச்சகத்துக்கு அனுப்பணும்மா. சும்மா ஒரு தரம் பார்த்துட்டு அனுப்பிடுங்க."

"ஏதாவது தப்பு இருந்தா சார்?"

அவர் சிரித்தார். "மில்லிமீட்டர் வேலையில தப்பா? நீங்க ஒண்ணும் தொட வேண்டாம்."

தொட வேண்டாம்.

இரண்டு ராத்திரி அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பழைய தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். புத்தகத்தைக் கெடுக்க.

பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே ஒரு இடைவெளி, அங்கே ஒரு படம். அச்சாகி வந்ததும் மேனேஜர் கண்ணில் படவேண்டும். அவள் பெயர் கெடவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கீழே வாட்ச்மேன் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். மணி பகல் 2.10. வெளியே நல்ல வெயில். எங்கள் அறை இரண்டாவது மாடி. பன்னிரண்டு மேசைகள், யாரும் இல்லை. என் மேசை விளக்கை மட்டும் போட்டேன். அவள் கீபோர்டின் மேல் வழக்கம்போலத் துணி போட்டு மூடியிருந்தது.

2.40க்கு முதல் வேலை. 37ஆம் பக்கம். ஒரு படத்துக்கு மேலே இடைவெளி 9 என்று இருந்தது. 14 ஆக்கினேன். ஓடவிட்டேன். பிரிவியூ சிமிட்டியது. படம் கீழே இறங்கி, அதன் விளக்கம் மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. அசிங்கமாக இருந்தது. எனக்கு மனம் குளிர்ந்தது.

2.52க்கு 61ஆம் பக்கம். ஒரு சமன்பாட்டை இடப்பக்கம் தள்ளினேன். சிமிட்டியது. கோணலாக நின்றது. திருப்தி.

இன்னொரு தரம் ரசிக்கலாம் என்று 37க்குத் திரும்பினேன்.

படம் அதன் இடத்தில் இருந்தது.

கட்டளையைப் பார்த்தேன். 14 என்றுதான் இருந்தது. நான் தட்டிய 14. ஆனால் பிரிவியூவில் பக்கம் சரியாக இருந்தது. மூடிவிட்டுத் திறந்தேன். சரியாகவே இருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தேன். முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது. மேல் பத்தியில் சொற்கள் வேறு மாதிரி மடங்கி, ஒரு வரி குறைந்து, பக்கம் லேசாகிவிட்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன்.

அப்போது பிரிவியூ சிமிட்டியது.

நான் ஒன்றும் தட்டவில்லை. என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

மறுபடி சிமிட்டியது. 61ஆம் பக்கம் தானாக வந்து நின்றது. சமன்பாடு நடுவில் இருந்தது. திரையின் மூலையில் மணி 3.05.

அப்புறம்தான் சத்தம் கேட்டது.

டக்.

டக்... டக் டக்.

எதிர் மேசையிலிருந்து.

எழுந்து பார்த்தேன். நாற்காலி காலி. கீபோர்டின் மேல் துணி மூடியபடியே இருந்தது. துணி மட்டும்... அடியில் ஏதோ சின்னப் பிராணி புகுந்துகொண்டது போல, அங்கங்கே இறங்கி இறங்கி எழுந்தது. வலது பக்கம் மட்டும். இடது பக்கத்துத் துணி அசையவே இல்லை.

நின்றது.

எலி என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன். "எலிதான்."

ஓடிப் போயிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். ஆள் இல்லாதபோதும் இவள்தானா ஜெயிக்க வேண்டும்? நாற்காலியில் உட்கார்ந்தேன். 148ஆம் பக்கத்தைத் திறந்தேன். இந்தத் தடவை இடைவெளியைத் தொடவில்லை. ஒரு சமன்பாட்டில் இருந்த மைனஸ் குறியையே அழித்தேன். அந்தக் கணக்கைப் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விடை தப்பாக வரும். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஓடவிட்டேன். மைனஸ் போயிற்று.

சிமிட்டியது. மைனஸ் வந்துவிட்டது.

அழித்தேன். வந்தது.

அழித்தேன். வந்தது. முன்பைவிட வேகமாக.

எதிர் மேசையில் டக். நான் அழித்தால் ஒரு டக். அழித்தால் ஒரு டக். ஐந்து தடவை.

ஆறாவது தடவை நான் விசையைத் தொடுவதற்கு முன்பே...

டக்.

விரலை அப்படியே நிறுத்தினேன். அறையில் கம்ப்யூட்டர் காற்றாடிச் சத்தம் மட்டும்.

பக்கத்தின் அடியில், அடிக்குறிப்புக்கும் கீழே, ஒரு புள்ளி இருந்தது. முன்பு இல்லை. திரையில் தூசு என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை.

மவுஸை அதன் மேல் கொண்டுபோனேன். அழுத்திப் பிடித்தேன்.

சதுரம் வந்தது.

புள்ளி இல்லை. எழுத்து. எந்த அச்சிலும் வர முடியாத அளவு சின்ன எழுத்து. இரண்டே சொல்.

கையை எடு.

படித்து முடிக்கும்போதே மவுஸ் மேல் இருந்த என் கைமேல் ஏதோ வந்து அமர்ந்தது.

ஜில்லென்று.

கனமாக.

விரலுக்கு மேல் விரல் வைத்து...

வெடுக்கென்று கையை இழுத்தேன்.

மணி 3.17.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று படியில் கழன்றுவிட்டது. எடுக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் மேலே எட்டிப் பார்த்தார்.

"மேல லைட்டை அணைச்சுடவாம்மா? இல்ல இன்னும் வேலை நடக்குதா? தட்டுற சத்தம் கேக்குதே."

நான் ஒற்றைச் செருப்போடு தெருவில் இறங்கி ஓடினேன்.

திங்கட்கிழமை எல்லோரும் வந்தபிறகுதான் உள்ளே போனேன். அந்த ஃபைலைத் திறந்தேன். என் மாற்றம் ஒன்றுகூட அதில் இல்லை. 37இல் 9. 148இல் மைனஸ். கடைசியாகத் திருத்திய நாள் வெள்ளிக்கிழமை என்று காட்டியது. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை மேனேஜர், ஆபீஸ் சார்பில் அவளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று. அறைக்கு வெளியே அவள் கணவர் ஒரு நாற்காலியில் தூங்கிவழிந்துகொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கை போர்வைக்குள் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஞாயித்துக்கிழமை மதியம் ஆபீசுக்குப் போனீங்களா அக்கா?"

தலையை மட்டும் அசைத்தேன்.

"ரெண்டு நாப்பதுலேருந்து இது நிக்கவே இல்லை. போர்வை மேல தட்டிட்டே இருந்தது. நர்ஸ் வந்து பிடிச்சும் நிக்கலை." குரலைத் தாழ்த்தினாள். "கெடுக்கத்தானே போனீங்க?"

அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"நானும் போனேன்க்கா. ரெண்டு வருஷம் முன்னாடி. உங்க புத்தகத்தைக் கெடுக்க."

"என் புத்தகத்தையா?"

"அப்ப நான் எதைப் போட்டாலும் மேனேஜர் உங்க பக்கத்தைக் கொண்டு வந்து காட்டி, இதைப் பார்த்துக் கத்துக்கோம்பார். வயிறு எரியும். அப்ப நம்ம ஆபீஸ் பழைய கட்டடத்துல இருந்தது, மிஷினும் பழசு. ஒரு லீவு நாள், மத்தியானம். உங்களுக்கு நடந்ததேதான். கடைசியில அந்த ரெண்டு வார்த்தை." என்னையே பார்த்தாள். "நீங்க கையை எடுத்தீங்களா?"

"உடனே எடுத்துட்டேன்."

"நான் எடுக்கலை."

போர்வையை விலக்கினாள். சாதாரணக் கை. கொஞ்சம் வெளுத்திருந்தது. துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றி, ஆள்காட்டி விரல் நுனியில் பாதி வரைக்கும் இறக்கினாள். அவள் முகம் அசையவில்லை. ஊக்கை உருவினாள்.

ரத்தம் வரவில்லை.

"மணிக்கட்டுக்குக் கீழ ரத்தமே ஓடலையாம். ரெண்டு வருஷமாவே இப்படித்தான் இருந்திருக்கணும்ங்கறார் டாக்டர். எப்படி அழுகாம இருக்குன்னு அவருக்கே புரியலை. இவருக்குக்கூடப் போன வாரம்தான் தெரியும். ரோட்டுல நடக்கும்போது எப்பவும் இடது கையைத்தான் குடுப்பேன்."

தொட்டுப் பார்த்தேன். அந்த ஜில். எனக்குத் தெரிந்த ஜில்.

"அன்னையிலேருந்து ஒரு பக்கம்கூட நான் போடலைக்கா. எல்லாம் இதுதான் போடுது. நான் சும்மா உக்காந்து பார்த்துட்டு இருக்கேன்."

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது என் வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சூடான கை. நல்ல கை. தப்பித்தாய் என்று நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் மனதில் ஓடியது வேறு. இரண்டு வருடம் அத்தனை பேரும் அதிசயமாகப் பார்த்த அத்தனை பக்கங்கள்... நான் மட்டும் இன்னும் ஒரு நொடி கையை அங்கேயே வைத்திருந்தால்...

தலைமைப் பொறுப்பு எனக்கே வந்தது. சந்தோஷமாக இல்லை.

மூன்று மாதம் முன்னால் ஆபரேஷன் நடந்தது. அவள் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறாள். இடது கையால் தட்டிப் பழகுகிறாள். நிறையத் தப்பு வருகிறது, சிரிக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது சாதாரணமாக ஒன்று சொன்னாள். வெட்டி எடுத்த கையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களாம். ஒன்றும் கிடைக்கவில்லையாம். எடுத்த அந்த நிமிடத்திலிருந்து அது வெறும் செத்த கைதானாம். ஒரே நாளில் அழுகிவிட்டதாம்.

அப்படியென்றால், அதற்குள் இருந்தது இப்போது எங்கேயோ சும்மா இருக்கிறது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல். ஒரு நல்ல பக்கத்தைத் திறந்து கெடுத்து வைத்துவிட்டு, மவுஸ் மேல் கையை வைத்தபடி பிரிவியூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை சிமிட்டவில்லை.