அம்மாவின் எக்ஸ்ரேயில் விழுந்த சொட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எந்தக் கிருமி புரதத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதற்கு ஜெலட்டின் வேண்டும். சோதனைக் குழாயில் ஜெலட்டினை உறையவைத்துக் கிருமியை விட்டால், தின்னும் கிருமி அதை நீராக்கிவிடும். ஆனால் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத எங்கள் அறையில், கிருமியே விடாத குழாயும் காலையிலேயே தண்ணீராகிக் கிடக்கும். தின்றது வெயிலா கிருமியா என்று எந்தச் சாமிக்குத் தெரியும்?

அதனால் பழைய எக்ஸ்ரே படங்களுக்கு மாறினோம். படத்தின் கறுப்பு இருப்பதே ஜெலட்டின் பூச்சுக்குள்தான். அந்தப் பூச்சு வெயிலுக்கு இளகாது. இரண்டு பக்கமும் பூச்சு உண்டு என்பதால் கிருமி வளர்ந்த நீரை மேலும் கீழுமாகச் சொட்டு விட்டு, ஈரத்தோடு மூடிவைப்போம். சில மணி நேரம் கழித்துக் கழுவினால், தின்னப்பட்ட இடத்தில் கறுப்பு உரிந்து கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாக வாங்கினோம். எல்லாம் மார்புப் படங்கள், தலையில்லாத மனிதர்கள். எத்தனை பேர் உயிரோடு இருந்தார்களோ! யாரோ ஒருவரின் விலா எலும்புகளுக்கு நடுவே விழுந்த ஓட்டை வழியாக, வெளியே வேப்பமரம் ஆடுவது தெரிந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. படத்தின் மூலையில் இருக்கும் பெயரை யாரும் படிக்கக் கூடாது. பார்க்காமலே முதல் சொட்டை அங்கேதான் விடுவோம். பெயர் அழிந்தபின் அது வெறும் ஜெலட்டின், பயம் இல்லை.

அப்போது அம்மாவுக்குக் காசநோய். மாதக்கணக்காக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். வலது நுரையீரலின் மேல்புறம் ஒரு வெள்ளை நிழல். பீர்க்கன்கரணை வீட்டு ஜன்னலில் படத்தைத் தூக்கிப் பிடித்துத் தினமும் அதைப் பார்ப்பாள். புதுப்படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடும் நாள் வந்தது. நிழல் போகாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அம்மாவை இழந்துவிடுவேனோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். மதியம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று பழைய படத்தைக் கையோடு எடுத்துவந்து, மேசைமேல் வைத்துவிட்டு வகுப்பெடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அது ஈரத்தட்டில் கிடந்தது. என்னோடு வேலை செய்த தோழி, கோவளத்து மீனவர் வீட்டுப் பெண், காலையிலேயே சொட்டு விட்டிருந்தாள். அவள் வீட்டில் மீன் அரியும் இடத்து மண்ணிலிருந்து எடுத்த கிருமி அது. எங்களிடம் இருந்ததிலேயே பெருந்தீனிக்காரன்.

“ஐயோ, உங்கம்மாவுதா? பேரைப் பாக்கலியே நானு. எல்லாம் ஒரே கறுப்பாத்தானே கீது!” என்று அழுதாள்.

கழுவிப் பார்த்தேன். அம்மாவின் பெயர் போயிருந்தது. நிழல் இருந்த இடத்தில் சுத்தமாக ஒரு வட்டம்.

ஆஸ்பத்திரியில் அம்மா எனக்காகக் காத்திருந்தாள். கழுத்தெலும்புக்குக் கீழே வலப்பக்கம் தடவிக்கொண்டே, “காலையிலேர்ந்து இங்க ஜில்லுனு இருக்குடி” என்றாள். நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. படித்த அறிவியல் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் மாட்டினார். புதுப்படத்தில் நிழலே இல்லை. “நல்லா ஆயிடுச்சும்மா, மாத்திரையை நிறுத்திடலாம்” என்றவர், பழையதைப் பார்த்து, “இது என்ன ஓட்டை?” என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள். “அப்ப உன் கிருமிதான் தின்னுச்சா?”

“இல்லம்மா, மாத்திரை.”

“சரி” என்றாள். அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் இருமல் திரும்பியது. இந்த முறை நிழல் இடப்பக்கம், இதயத்தை ஒட்டி. அம்மா மாத்திரைகளைப் பிரிக்கவே இல்லை. படத்தை என் பையில் செருகி, “இதுலயும் ஒரு சொட்டு விடுடி” என்றாள். கெஞ்சினேன், கத்தினேன், மசியவில்லை. கடைசியில், “விடறேன். ஆனா மாத்திரையும் முழுங்கணும்” என்றேன். தலையாட்டினாள்.

மறுநாள் ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு சொட்டு விட்டேன். அவளை ஏமாற்ற ஒரு சடங்கு, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால், சொட்டு பரவி இதயத்தைத் தொட்டுவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.