ரிடையர் ஆனவர் பெயரில் ஒரு ஏபிஐ கீ

ஏழுமலை சார் ரிடையர் ஆன அன்று சால்வை போட்டோம், கேசரி சாப்பிட்டோம், சாயங்காலம் அவர் பெயரில் இருந்த ஏபிஐ கீயையும் அழித்தேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனி ஆபீஸில் நான்தான் கம்ப்யூட்டர் ஆள். மழை வருமா என்று ஒரு வெப் சர்வீஸைக் கேட்டு, வருமென்றால் உப்பளத்தில் இருப்பவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் புரோகிராம் எழுதியிருந்தேன். அந்த சர்வீஸ் பதில் சொல்ல ஏபிஐ கீ வேண்டும். நீளமான ரகசிய எழுத்து வரிசை, அவ்வளவுதான். ஒவ்வொரு கீக்கும் பெயர் வைக்கச் சொல்லும். எங்கள் ஆபீஸில் பீரோ, நாற்காலி, டம்ளர் எல்லாமே ஆள் பெயரில்தான் இருக்கும். மழை மெசேஜ் வேண்டுமென்று முதலில் கேட்டவர் சூப்பர்வைசர் ஏழுமலை. எனவே கீக்கும் அவர் பெயர்.

மேனேஜர் கீக்களின் லிஸ்டைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, போயிட்ட ஆளு பேர்ல எதுக்கு இது? தூக்கிடு" என்றார். பாதுகாப்பைப் பற்றி ஒரு மாதமாக அவருக்கு வகுப்பெடுத்தவன் நான். மனிதருக்குப் புரிந்துவிட்டதே என்று பூரித்துப்போய்த் தூக்கினேன். கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மதியம் மழை கொட்டியது. வாரிக் குவித்திருந்த உப்பு, ஓலை போட்டு மூடுவதற்குள் கரைந்துவிட்டது. கீ இல்லாததால் சர்வீஸ் நான்கு நாளாக எரர் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எரர் வந்தால் சத்தம் போடாமல் விட்டுவிடு என்று புரோகிராம் எழுதிய புண்ணியவானும் நானே.

சர்வர் கோளாறு என்று சொல்லிவிடச் சொல்லி மேனேஜர் என்னை உப்பளத்துக்கு அனுப்பினார். குவியலை மூடும் பெண்களுக்குத் தலைவி அஞ்சலை. அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை. தப்பு என்னுடையது என்றேன்.

"வானம் கறுத்துதான் இருந்துச்சு சார். மெசேஜ் வரலையே, மழை இருக்காதுன்னு நான்தான் இவங்கள உக்கார வெச்சேன்."

திட்டியிருந்தால் தேவலாம். பத்து நாள் உழைப்பு போயிற்று. பாத்தி மறுபடி தயாராகும் வரை அவர்களுக்கு வேலையும் இல்லை. அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

புதுக் கீ வாங்கி 'மழை மெசேஜ்' என்று பெயர் வைத்தேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: கீக்கு வேலையின் பெயரை வையுங்கள், ஆளின் பெயரை அல்ல. இனி தவறாது என்று அஞ்சலையிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"மழை இல்லன்னாலும் இல்லன்னு தினம் ஒண்ணு போடுங்க. நீங்க சும்மா இருந்தா, மழை இல்லையா நீங்க இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் காசு கட்டிப் படித்த கோர்ஸ் எதிலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மெசேஜ் போகிறது. ஒருநாள் மட்டும் போகவில்லை. அன்று ஆபீஸில் நான் உட்காருவதற்குள் அஞ்சலையிடமிருந்து போன்.

"ஓலை போட்டாச்சு சார். நீங்க நிதானமா உங்க மெஷினப் பாருங்க."