குளத்துக்குப் போய்வந்த கவர்

வழுக்கும் துணி தைத்திருக்கிறேன், தொட்டால் கையோடு வரும் நைந்த துணியும் தைத்திருக்கிறேன். உருகும் துணியை மட்டும் அதுவரை தைத்ததில்லை. காரைக்காலில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் வராததுமாக, "அம்மா, நான் பேர் குடுத்துட்டேன்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். கல்லூரி விழாவில், தூக்கி எறிந்த பிளாஸ்டிக் கவர்களால் செய்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பெண்கள் மேடையில் நடந்து காட்ட வேண்டுமாம். உடுப்பை யார் தைப்பது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "பிளவுஸுக்கு ஆளுங்க வந்து வாசல்ல நிக்கிறாங்க, நீ கவரைத் தைக்கச் சொல்றியா?" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் யோசித்தேன். இந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் எந்த மேடையிலும் ஏறியதில்லை. ஒரே ஒரு தடவை கூட்டமாக ஆடும் ஆட்டத்தில் கடைசி வரிசையில் நிற்க வைத்தார்கள். திரை விலகியதும் அழுதுகொண்டே ஓடி வந்துவிட்டாள். அவளாகக் கையைத் தூக்கிப் பெயர் கொடுத்தது இதுதான் முதல் தடவை. இது மட்டும் நல்லபடியாக நடந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கூடவே பயமும் வந்து உட்கார்ந்துவிட்டது. பயப்படுவதற்கு எனக்குக் காரணம் வேண்டியதில்லை. காரணம் கிடைத்துவிட்டால் பிறகு விடவும் மாட்டேன்.

கவருக்கு எங்கே போவது? கடைகளில் இப்போதெல்லாம் துணிப்பை, காகிதப்பை என்று மாறிவிட்டார்கள். வீட்டில் இருந்ததெல்லாம் கையில் எடுத்தாலே கிழிகிற ரகம். என் கணவர் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறார். "ரூம் காலி பண்றவங்க விட்டுட்டுப் போற கவரே ஒரு மூட்டை சேரும்" என்றார். சொன்னபடியே கூட்டுகிற அம்மாவிடம் சொல்லிச் சேர்த்து வைத்து, ஒரு வாரத்தில் பெரிய மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஜவுளிக்கடைக் கவர்கள். எந்தெந்த ஊர்க் கடைகளோ. நல்ல கனம், நல்ல நிறம். மஞ்சள், சிவப்பு, மயில் நீலம், ஒரு ரோஸ். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் புதுத் துணியை அந்தக் கவரில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். நல்லெண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த பழைய துணியை அங்கேயே கழித்துவிட்டு, புதுசைக் கட்டிக்கொண்டு சனீஸ்வரனைப் பார்க்கப் போவார்கள். துணியோடு பீடையும் போய்விடும் என்பது நம்பிக்கை. உள்ளூர்க்காரர்கள் நாங்கள் குளத்தங்கரையில் ஒரு துண்டு கிடந்தால்கூட மிதிக்காமல் சுற்றிப் போவோம். புதுத் துணி வந்த கவருக்கு என்ன, அது சுத்தம்தானே என்று நினைத்தேன்.

சோப்புப் பவுடர் போட்டு அலசிக் கொல்லையில் கொடி முழுக்கக் கிளிப் மாட்டிக் காயவைத்தேன். பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன, ஜவுளிக்கடை வச்சிட்டீங்களா? திறப்பு விழாவுக்குச் சொல்லவே இல்லையே" என்று சிரித்தார்.

கவரின் காதையும் அடித்தையலையும் வெட்டி எறிந்துவிட்டு, விரித்து, ஆறு கவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் செய்தித்தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஓட்ட வேண்டும். சூடு கம்மியானால் ஒட்டாது; கூடினால் சுருங்கி ஓட்டை விழும். எழுத்து அச்சடித்த பக்கம் வெளியே இருந்தால் மை உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு நாளும் நான் செய்தது அப்பளம்தான். மூன்றாம் நாள் சூடு பிடிபட்டது. ஆறு கவரும் ஒட்டி, ரெக்ஸின் மாதிரி ஒரே விரிப்பாக வந்தது. ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தேன், பிரியவில்லை. ஜன்னலையெல்லாம் திறந்து போட்டும் அந்த நாற்றம் ரசத்தில்கூட அடித்தது.

தைப்பது இன்னொரு பாடு. துணியில் தையல் கோணினால் பிரித்து மறுபடி தைக்கலாம், துளை தெரியாது. கவரில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். அந்தத் துளை அப்படியே நிற்கும். குண்டூசி குத்த முடியாமல் துணிக் கிளிப் போட்டுப் பிடித்தேன். மெஷினின் பாதம் நகராமல் ஒட்டிக்கொண்டபோது முகப்பவுடரைத் தூவினேன். தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழிந்துவிடும் என்று எட்டி எட்டிப் போட்டேன். உள்ளே காற்றுப் போகாதே, பெண்ணுக்கு வேர்க்குமே என்று பழைய வேட்டியை உள்துணியாகக் கொடுத்து, அக்குளில் திறப்பு வைத்தேன். முழங்கால் வரைக்கும் வரும் நீள உடுப்பு; மஞ்சள் உடம்பு, சிவப்புக் கை, நெஞ்சின் குறுக்கே ஒரு ரோஸ் பட்டை. பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், அழகாக வந்தது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது லாட்ஜில் கூட்டுகிற அம்மா தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கிப்போக வந்தார். அம்பகரத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர், நல்ல மனுஷி. ஹேங்கரில் தொங்கிய உடுப்பைப் பார்த்து முதலில் கன்னத்தில் கைவைத்து வியந்தார். அப்புறம் ரோஸ் பட்டையைத் தொடப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, இந்த ரோஸ் கவரு ரூமுல கட்டிலுக்கு அடியில கெடந்துச்சுங்க. உள்ள ஈரத் துணி. கொளத்துல விடாம சுருட்டிக் கொண்டாந்துட்டாங்க போலருக்கு. துணிய எடுத்து குப்பைத்தொட்டியில போட்டுட்டு கவர மூட்டையில போட்டுட்டேங்க. எதுக்குக் கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே."

"இது ஒண்ணுதானா?"

அவர் திருதிருவென்று விழித்தார். "இன்னும் ரெண்டு மூணு இருந்துச்சுங்க. எந்தக் கலருன்னு ஞாபகம் இல்லீங்கக்கா."

யாரோ முகம் தெரியாதவர் ஏழரை வருஷக் கஷ்டத்தைச் சுருட்டிக் கொண்டுவந்த கவரை என் பெண்ணின் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துத் தைத்திருக்கிறேன். எடுத்துவிடலாமென்றால் எதை எடுப்பது? ஆறு கவர் ஒரு விரிப்பு. எது கீழே, எது நடுவே என்று எனக்கே தெரியாது. பிரியாது என்று மூன்றாம் நாள் சந்தோஷப்பட்டேனே, அதே பிரியாமைதான் இப்போது என்னைக் கொன்றது.

கணவரிடம் சொன்னேன். சிரித்தார். "அவங்க விட்டுட்டுப் போற ரூமுல பதினஞ்சு வருஷமா நான் வேலை பாக்குறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார். பைக்கிலிருந்து விழுந்தது, கடைவாய்ப் பல் இரண்டு போனது, சிறுநீரகக் கல் என்று நான் மனசுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது என்றுதான் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன். நம்பிக்கை வேறு, பயம் வேறு என்பது அந்த நாலு நாளில்தான் தெரிந்தது.

மகளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மேடையில் கால் நடுங்கும். விழா வேறு சனிக்கிழமையில் வந்து தொலைத்திருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். உடுப்பை மேஜையில் விரித்தேன், இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டுக்குத் திருப்பினேன். ஒரே ஒரு தடவை வைத்தால் போதும், நெஞ்சில் பெரிய ஓட்டை. கை தவறிவிட்டதடி என்று அழுதுவிடலாம். பாதி அழுகை உண்மையாகவே வரும். பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றபோது உள்ளறையில் அவள் குரல் கேட்டது. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு, சிரி" என்று தனக்குத்தானே சொல்லி நடந்துகொண்டிருந்தாள். சிரி என்று சொல்லி நிஜமாகவே சிரித்தாள். நான் ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை நான் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. எள் போட்ட சாதத்தை மதில்மேல் வைத்தேன். காக்கை ஒரு வாய் கொத்தியதும் எனக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பியது. மகள் கேட்டபோது இட்லி சாப்பிட்டாயிற்று என்றேன். முந்தின ராத்திரி ஒத்திகையிலேயே சாப்பிட்டு வந்ததாகச் சொன்னவளுக்கும் இட்லி வைத்தேன். பதற்றமாக இருக்கிறது, போய்த் தோழிகளோடு சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். சரியென்று தயிர்சாதத்தை டப்பாவில் அடைத்து அவள் பையில் வைத்தேன். உடுப்பை மடிக்கக் கூடாது, மடித்தால் கோடு விழும். காரைக்கால் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் ஹேங்கரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உடுப்பு மாட்டிவிட உள்ளே வரலாம் என்று அவளுடைய ஆசிரியை அனுமதித்திருந்தார். டி-சர்ட்டுக்கு மேலே உடுப்பை மாட்டி, பின்பக்கம் கொக்கி போட்டபோது கழுத்து சில்லென்று வேர்த்திருந்தது. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா." அவள் உதட்டில் ரத்தமே இல்லை. கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்று யாருக்கும் வரவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். நடந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நான் திரைக்குப் பின்னால் வாய்க்குள் சொன்னேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த மஞ்சள் அப்படியே பளபளத்தது. கூடம் முழுக்கக் கைதட்டல், யாரோ விசிலடித்தார்கள். திரும்பினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

எப்படி மேடைக்கு ஓடினேன் என்று தெரியாது. நூல் வெட்டக் கொண்டுபோன கத்திரி கையில் இருந்தது. கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே வெட்டு. ரோஸ் பட்டையை வெட்டும்போது மட்டும் என்னையறியாமல் "போ, போ" என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெண்கள் தங்களைத்தான் விரட்டுகிறேன் என்று விலகிப் போனார்கள். மூன்று வார வேலை இரண்டாகப் பிளந்து தரையில் கிடந்தது.

ஓரமாகத் தூக்கிக்கொண்டுபோய் மேடைப் படியில் உட்கார வைத்தோம். ஆசிரியை முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண்ணைத் திறந்தாள்.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று ஆசிரியை கேட்டார்.

அவள் டி-சர்ட்டின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"நேத்து ராத்திரி?"

"விரதம் மிஸ்" என்றாள் மெதுவாக. "நேத்து மத்தியானத்துலேருந்து."

என் பெண் விரதம் இருந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் எழுந்ததும் பசி என்று கத்துகிறவள். "எதுக்குடி?" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"லாட்ஜு அக்காவ புதன்கிழமை பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். கவரைப் பத்திச் சொன்னாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ பயந்துபோய் உடுப்பை எரிச்சுடுவியோன்னுதான் நான் சொல்லல. எனக்கு மேடையில நடக்கணும்மா. ஒருநாள் பட்டினி கெடந்தா சரியாப்போயிடும்னு நெனச்சேன்."

சனியும் இல்லை, கவரும் இல்லை. வெறும் வயிறு. நான் அவளிடம் மறைத்த பயத்தை அவள் என்னிடம் மறைத்துச் சுமந்திருக்கிறாள். கத்தத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"எனக்குத் தெரியும்டி. செவ்வாக்கிழமையே தெரியும்."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நீ காலையில இட்லி சாப்புட்டியா?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆசிரியை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானே பையைத் திறந்து டப்பாவை எடுத்து நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூடியைத் திறந்தேன். அத்தனை பசியிலும் கை பழக்கமாகச் சனிக்கிழமை செய்கிறதையே செய்தது. முதலில் ஓர் உருண்டை பிடித்து, காக்கைக்கென்று மூடியில் தனியே வைத்தது. மகள் அந்த உருண்டையை எடுத்து என் வாயில் ஊட்டினாள்.